பஸ் தூங்கும் வாசல்

எங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ் மருதாம்பாளின் வாசலில்தான் தூங்கும். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். இருட்டுகிற நேரத்தில் ஊட்டியிலிருந்து இத்தலார் வழியாக வந்து சேரும் அந்த பஸ் திரும்பிப் போகாது. இரவு முழுக்கப் பாலத்தடியிலேயே நின்று, விடிவதற்குள் முதல் பஸ்ஸாகக் கிளம்பும். ஓடைப் பாலத்தை ஒட்டி, தேயிலைச் சரிவின் அடியில் இரண்டு வரிசை வீடுகள். அதுதான் பாலத்தடி. இங்கே பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள்தான். மருதாம்பாளும் சிறுமியாக இருந்தபோது கப்பலேறி வந்தவர். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் மருதக்கா.

பஸ்ஸின் நெற்றிப் பலகையில் 'ஊட்டி – பாலத்தடி' என்று எழுதியிருக்கும். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மருதக்கா முந்தானையைச் சரிசெய்துகொள்வார், பலகையில் தன் பெயரையே எழுதி வைத்திருப்பது போல. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அந்த பஸ் அவருடைய வாசலை விட்டுப் போன பிறகுதான்.

பஸ் அங்கே நிற்பதற்குக் காரணமே அவர்தான். முதன்முதலில் இரவு நிறுத்தம் கொடுத்தபோது டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே போர்த்திக்கொண்டு படுத்தார்கள். அது உறைபனிக் காலம். காலையில் எழுந்தால் கண்ணாடிக்கு உள்பக்கமும் வெள்ளையாக இருக்கும். இப்படியே இருந்தால் இந்த நிறுத்தம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது மருதக்காவின் காதில் விழுந்தது. அன்றைக்கே வீட்டை ஒட்டியிருந்த விறகுக் கொட்டகையைக் காலி செய்தார். கணவர் அய்யாவுவைக் கொண்டு சுவரைப் பூசவைத்து, ஒரு கட்டிலும் ஒரு பெஞ்சும் போட்டார். காலையில் ஒரு பெரிய பானை வெந்நீர், இரவில் சோறும் கருவாட்டுக் குழம்பும். அதற்குப் பிறகு எத்தனையோ டிரைவர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிறவரிடம் பழையவர், "பாலத்தடியா? கவலப்படாதீங்க, அங்க அக்கா இருக்காங்க" என்று சொல்லி அனுப்புவார் என்பது மருதக்காவே சொல்லித் தெரிந்த செய்தி.

எங்களுக்கும் அதில் லாபம் இருந்தது. அதுதான் துணி போடுவது.

மாலையில் பஸ் வந்து ஆட்கள் இறங்கியதும், காலையில் ஊட்டிக்குப் போக வேண்டியவர்கள் ஆளுக்கொரு துணியைக் கொண்டுவந்து சீட்டில் போட்டுவிடுவோம். துண்டு, பழைய தாவணி, கொழுந்து பறிக்கும்போது தலையில் கட்டும் துணி, எதுவானாலும் சரி. துணி கிடக்கும் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்கும் வேலி ஓரத்துக்கும் அடித்துக்கொள்கிறவர்கள்கூட அடுத்தவர் துணியைத் தொட மாட்டார்கள். இடதுபக்கம் முதல் சீட் எப்போதும் மருதக்காவுக்கு. அதில் உட்கார்ந்தால் முன் கண்ணாடி வழியாகப் பாதை முழுவதும் தெரியும். பல வருடம் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது அவர் ஊட்டி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கேரட் தரம் பிரிக்கிறார். மேட்டுப்பாளையத்துக்கு லாரி கிளம்புவதற்குள் மூட்டை கட்டியாக வேண்டும். முதல் பஸ்ஸில் போனால்தான் அந்த வேலை. அடுத்த பஸ்ஸில் போகிறவருக்கு மண்டியைக் கூட்டுகிற வேலைதான் மிச்சமிருக்கும்.

நானும் பிளஸ் டூ முடித்துவிட்டு அதே பஸ்ஸில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அந்த பஸ்ஸின் மேலேயே பொறாமை. என்ன இருந்தாலும் அது தினமும் இந்த ஊரை விட்டுக் கிளம்பிப் போகிறதே.

ஆனால் மருதக்காவின் பொறாமைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. அவருடைய பொறாமைக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் இருந்தன. பெயர் யூனிஸ். வீடு சிலுவைமட்டத்தில்.

சிலுவைமட்டம் என்பது பாலத்தடிக்கு மேலே, சரிவு முடிந்து தரை சமமாகும் இடம். சின்னதாக ஒரு சர்ச்சும் அதைச் சுற்றி வீடுகளும் இருக்கின்றன. முன்பு அங்கே பஸ் ஏறாது, பாதை அப்படி. அந்த ஊர்க்காரர்கள் பனியில் கீழே இறங்கி வந்து பாலத்தடியில்தான் பஸ் ஏறுவார்கள். அவர்கள் வரும்போது எல்லா சீட்டிலும் எங்கள் துணி கிடக்கும். ஊட்டி வரைக்கும் நின்றுகொண்டுதான் போவார்கள். யூனிஸ் அக்காவும் அப்படி நின்றவர்தான். அப்போது அவர் ஊட்டியில் ஒரு ஹோட்டலில் அறைகள் சுத்தம் செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு சிலுவைமட்டம் பால்வாடியிலேயே உதவியாளர் வேலை கிடைத்து, ஊட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவர் மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். மருதக்காவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், தீபாவளிக்குத் தீபாவளி வருவான். யூனிஸின் மகள் மாதம் ஒருமுறை வருவாள். வரும்போது கேக் வாங்கி வருவாள். இது மருதக்காவுக்கு எப்படியோ உடனே தெரிந்துவிடும். மேலே வெயில் சீக்கிரம் விழுகிறது, கீழே பத்து மணி வரை பனி விலகுவதில்லை என்பதுகூட யூனிஸ் செய்த வேலை என்பது போலத்தான் அவர் பேசுவார்.

போன வருடம் பேரூராட்சி மேலே போகும் பாதையை அகலப்படுத்திக் காங்கிரீட் போட்டது. அடுத்து, சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடம் கட்டியது. எங்கள் இரண்டு ஊர்களும் ஒரே வார்டு. கவுன்சிலர் தினகரன் இரண்டு ஊருக்கும் பொதுவானவர், அதனாலேயே இரண்டு ஊரும் அவரைச் சந்தேகப்படும். கூடத்துத் திறப்பு விழாவுக்கு மருதக்காவும் போனார். டைல்ஸ் தரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேடையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் இரண்டு கட்டில் போட்ட ஒரு அறை இருந்தது. அதை ஒட்டிக் குளியலறை, அதன் சுவரில் வெந்நீர் ஹீட்டர். மருதக்கா அந்த ஹீட்டரின் முன்னால் நின்றுவிட்டார்.

இது யாருக்கு என்று அவர் கேட்டார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க என்று தினகரன் சொன்னார். அறையின் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் யூனிஸிடம் கொடுக்கப்பட்டது.  திரும்பி வரும்போது பாலத்தருகில்தான் மருதக்கா வாயைத் திறந்தார்.

"வெளியூர்க்காரன் யாரு வாரான் இந்தக் காட்டுக்கு? பஸ்ஸுக்காரங்கதான் வாராங்க."

அவர் நினைத்தது சரிதான். அடுத்த மாதம் வார்டு மக்கள் கூட்டம் அந்தக் கூடத்திலேயே நடந்தது. பேரூராட்சி செயல் அலுவலரும் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒரு அதிகாரியும் வந்திருந்தார்கள். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு யூனிஸ் அக்கா எழுந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அதனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

"நாங்க கேக்கறது ஒண்ணுதாங்க. இப்பத்தான் ரோடு நல்லா இருக்குதே, பஸ்ஸு மேல வந்து நிக்கட்டும். நான் அத்தன வருசம் ஊட்டிக்கு வேலைக்குப் போனேன், ஒரு நாளும் உக்காந்து போனதில்லைங்க. கீழ இருக்கறவங்க துணி உக்காந்து வரும், நாங்க நின்னுட்டு வருவோம்."

சிலுவைமட்டத்துக்காரர்கள் சிரித்தார்கள். எங்களாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்காதவர் மருதக்கா ஒருவர்தான். யூனிஸ் சொன்னது நியாயம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன். அவர் எழுந்து, அதிகாரியைப் பார்த்துப் பேசினார்.

"தாராளமா நிக்கட்டும் சார், நான் வேணாங்கல. ஆனா இங்க கரடி வருது. இந்தக் கூடத்துக்குப் பின்னாடி கொய்யா மரம் நிக்குதே, அதுக்குத்தான் வருது. ராத்திரி டிரைவரு ஒண்ணுக்குப் போக வெளிய வந்தா யாரு பொறுப்பு?"

அந்தக் கொய்யா மரம் யூனிஸுடையது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"கரடி உங்க ஊட்டுப் பக்கமும்தான் வருதுங்க அக்கா. போன மாசம் உங்க கோயில் விளக்குல எண்ணெயக் குடிச்சுட்டுப் போச்சே, அது கரடி இல்லாம யாராம்?"

"அது கும்புட வந்துச்சு. உன் கொய்யாவுக்கு வந்தது திருட வந்துச்சு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. யூனிஸ் அக்கா சிரிக்காமல் அதிகாரியிடம் திரும்பி, பாலத்தடியில் பஸ் நிற்கும் இடம் ஓடைக்கரை, மழைக்காலத்தில் அங்கே மண் இளகிவிடும், போன ஐப்பசியில் பின்சக்கரம் புதைந்து ஊரே தள்ள வேண்டியிருந்தது என்று சொன்னார். அதுவும் உண்மைதான். மருதக்கா அதற்குப் பதிலாக மேலே உள்ள வளைவைப் பற்றிச் சொன்னார். யூனிஸ் ஓடையில் பூச்சி பாம்பு வருவதைச் சொன்னார். அதிகாரி இருவர் சொன்னதையும் பொறுமையாக எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பாலத்தடியும் சிலுவைமட்டமும் இரண்டுமே இரவில் பஸ் நிறுத்தப் பாதுகாப்பான இடங்கள் அல்ல என்று ஊர்மக்களே சொல்லியிருப்பதால், இனிமேல் கடைசி பஸ் ஆட்களை இறக்கிவிட்டு ஊட்டிக்கே திரும்பிவிடும். காலையில் முதல் பஸ் ஊட்டியிலிருந்து கிளம்பி எட்டரை மணிக்கு வரும்.

அய்யாவு மாமா அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"ஆக, பஸ்ஸ கரடிக்கு எழுதி வச்சிட்டீங்க ரெண்டு பேரும்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. முதல் பஸ் போனதும் ஊரின் காலையே போய்விட்டது. ஊட்டிக்குப் போகிறவர்கள் இருட்டில் மெயின் ரோடு வரை நடந்து, அங்கே வரும் ஜீப்பில் தொற்றிக்கொள்ள வேண்டும். இடமில்லையென்றால் திரும்பி வர வேண்டும். மருதக்கா சில நாள் அப்படிப் போனார். ஒரு நாள் ஜீப் கிடைக்காமல் எட்டரை பஸ்ஸில் போனபோது, மண்டியில் அவர் உட்காரும் சாக்கின் மேல் வேறொரு பெண் உட்கார்ந்து கேரட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மண்டிக்காரர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நேரத்துக்கு வர்றதா இருந்தா வாங்க, இல்லாட்டி இந்தம்மாவே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பதாகவும் சொன்னார்.

அன்று மருதக்கா ஊட்டி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் ஆறுக்குட்டியைப் பார்த்தார். அன்னூர்ப் பக்கத்துக்காரர். கடைசியாக அந்த விறகுக் கொட்டகை அறையில் தங்கியவர் அவர்தான். டிப்போவில் படுக்கத்தான் இடம் இருக்கிறது, சோறு இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏனுங்க அக்கா, கரடி வருதுன்னு இத்தன வருசம் எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"சொன்னா நீங்க தங்கியிருப்பீங்களா?" என்றார் மருதக்கா. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் தினகரனிடம் போனார். தினகரன் கையை விரித்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் சொன்னதத்தானுங்க அவங்க எழுதிட்டுப் போனாங்க. அத இப்ப நான் மாத்திச் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா மன்றக் கூட்டத்துக்கு வாங்க. சொன்ன வாயாலயே சொல்லுங்க. தீர்மானம் போட்டு அனுப்பற வேலை என்னுது."

இரண்டு பேரும் ஒன்றாக. மருதக்காவுக்கு அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரம் பார்த்து அவர் மேலே ஏறினார். துணைக்கு என்னை வரச் சொன்னார். மூச்சு வாங்க ஏறும்போது, அந்தக் காங்கிரீட் பாதை வழுக்குகிறது என்றார், வழுக்கவில்லை. யூனிஸ் அக்கா வீட்டு வாசலில் டேலியா பூத்திருந்தது. அதைப் பார்த்து, இந்தப் பூவுக்கு வாசனையே கிடையாது என்றார்.

யூனிஸ் அக்கா எங்களைப் பார்த்துத் திகைத்துத்தான் போனார். ஆனால் உள்ளே கூப்பிட்டார், தேநீர் கொடுத்தார். மருதக்கா அதை இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் நன்றாக இருந்தது. ஏலக்காய் போட்டிருந்தார்கள். இங்கேயும் எல்லோரும் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று யூனிஸ் அக்காவே பேச்சைத் தொடங்கினார். கூடத்தில் அறை இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு எங்களைக் கூட்டிப்போனார். கட்டில் மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

அவர் ஹீட்டரைப் போட்டுக் குழாயைத் திறந்தார். "தொட்டுப் பாருங்க அக்கா."

மருதக்கா கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனிகள் சிவந்துவிட்டன.

"சூடு பத்தாது" என்றார்.

யூனிஸ் அக்கா அவரையே பார்த்தார். பிறகு குழாயை மூடிவிட்டு மெல்லச் சொன்னார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் தினமும் இருட்டுல உங்க ஊட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு வருவேன். அடுப்பு எரிஞ்சுட்டு இருக்கும். அந்தப் பானையில இருந்து ஆவி பறக்கும். டிரைவரு மூஞ்சி கழுவிட்டு நிப்பாரு. பஸ்ஸே உங்களுது மாதிரி இருக்கும். எனக்கு வயிறு எரியுமுங்க. நானும் ஒரு நாளைக்கு அப்படி ஒரு பானை வைக்கணும்னு நெனச்சுட்டே நின்னுட்டுப் போவேன்."

 மருதக்காவின் முகத்தில் வந்தது வருத்தமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது என்பது அவருக்குப் புதிய செய்தி. கீழே இறங்கும்போது நடையில் ஒரு வேகம் இருந்தது.

மன்றக் கூட்டம் பேரூராட்சி அலுவலக மாடியில் நடந்தது. தலைவர் நடுவில், இருபக்கமும் கவுன்சிலர்கள், ஓரத்தில் செயல் அலுவலரும் அந்தப் போக்குவரத்து அதிகாரியும். பார்வையாளர் பெஞ்சில் நாங்கள். தினகரன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், முதலில் சிலுவைமட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று தலைவர் கேட்டார். யூனிஸ் எழப் போனார். தினகரன் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு மருதக்காவைப் பார்த்தார். அதுதான் ஏற்பாடு. அவரவர் குறை சொன்ன ஊரை அவரவரே நல்லதென்று சொல்ல வேண்டும்.

மருதக்கா எழுந்து நின்றார். 

"ரூமு நல்லா இருக்கு" என்றார். பிறகு, "கட்டிலு புதுசு. கதவு கெட்டி. ரோடு அகலம்" என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கையிலிருக்கும் நகையைக் கழற்றிக் கொடுப்பது போல இருந்தது. ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கரடி என்று அதிகாரி நினைவுபடுத்தினார்.

"கரடி வாரது நெசந்தான் சார். ஊட்டிக்குள்ளயே வருதே. அதுக்காக ஊட்டியில பஸ்ஸு நிக்காம இருக்கா?"

அதிகாரி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். கொய்யா மரத்தை வெட்டிவிடுவதாக யூனிஸ் அக்கா சொன்னார். பின்பக்கம் ஒரு பெரிய விளக்குப் போட்டுவிடலாம் என்று செயல் அலுவலர் சொன்னார். அடுத்து யூனிஸ் பாலத்தடியைப் பற்றிப் பேசினார். பஸ் புதைந்தது ஒரே ஒரு முறைதான், மற்றபடி பழகிய இடம், அங்கே இருக்கிறவர்கள் பஸ்ஸை வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்கள் என்று தாராளமாகவே சொன்னார். ஆனால் கரையில் தடுப்புச் சுவர் கட்டாமல் அங்கே நிறுத்துவது கஷ்டம், அதற்கு இந்த வருடம் வழியில்லை என்று செயல் அலுவலர் சொன்னார்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரிங்க. சுவருக்கு எழுதலாம். வர எத்தனை வருசம் ஆகும்னு எனக்குத் தெரியாது. அது வரைக்கும் பஸ் ஊட்டியிலயே இருக்கட்டுமா, இல்ல மேல நிக்கட்டுமா? ரெண்டு ஊரும் ஒத்துச் சொன்னாத்தான் தீர்மானம். இங்கயே சொல்லிருங்க."

யூனிஸ் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேலே என்று சொன்னால் மருதக்கா மறுத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் மருதக்காவையே பார்த்தோம். அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை அவர் நினைத்திருக்கலாம்.

"மேலயே நிக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யூனிஸ் அக்கா ஏதோ பேச வந்தார். மருதக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதக் கடைசிக்குள் உத்தரவு வந்துவிட்டது. முதல் நாள் மாலை பஸ் பாலத்தடிக்கு வந்து ஆட்களை இறக்கிவிட்டு, நிற்காமல் மேலே ஏறியது. நெற்றிப் பலகையில் 'ஊட்டி – சிலுவைமட்டம்'. புது பெயிண்ட். மருதக்கா வாசலுக்கு வரவில்லை. அறையிலிருந்த கட்டிலை வெளியே போட்டுவிட்டு விறகை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். துணி போட மேலே போகலாமா என்று எங்கள் வரிசையில் சிலர் பேசிக்கொண்டார்கள். யூனிஸ் வாசலுக்குப் போய்த் துணி போட்டுவிட்டு வரத் தன்னால் முடியாது என்றார் மருதக்கா. அவர் போகாததால் நாங்களும் போகவில்லை.

மறுநாள் விடியுமுன் பஸ் கீழே இறங்கி வந்தது. ஏறிப் பார்த்தால் ஒரு சீட்டைத் தவிர எல்லாவற்றிலும் சிலுவைமட்டத்து ஆட்கள். இடதுபக்கம் முதல் சீட்டில் ஊதா நிறத்தில் ஒரு சால்வை கிடந்தது. அதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். யூனிஸ் அக்கா சர்ச்சுக்குப் போர்த்திக்கொண்டு போகும் சால்வை அது.

மருதக்கா அதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றார். நடுவில் ஒரு ஊரில் ஏறிய பெரியவர் ஒருவர் உட்காரப் போனார். "துணி கெடக்குல்ல" என்று மருதக்காவே அவரைத் தடுத்துவிட்டார். வழக்கம் வழக்கம்தான். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அவர் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார். யூனிஸ் யாருக்கு இடம் பிடித்திருக்கிறாள் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்தார். யாருமே வரவில்லை. ஊட்டி வரைக்கும் அந்தச் சால்வை உட்கார்ந்துகொண்டு வந்தது, அவர் நின்றுகொண்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இறங்கிய பிறகு கண்டக்டர் சுபின் பின்னாலிருந்து முண்டியடித்துக்கொண்டு வந்தான். கூடலூர்ப் பையன், எல்லோரையும் சேச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன சேச்சி, நின்னுட்டா வந்தீங்க? அது உங்களுக்குப் போட்ட துணியாக்கும். யூனிஸ் சேச்சி நேத்து சாயங்காலமே போட்டுட்டு, பாலத்தடியில ஏறுறப்ப உங்ககிட்டச் சொல்லணும்னு எங்கிட்டச் சொல்லி விட்டாங்க. நான் கூட்டத்துல பின்னாடி மாட்டிக்கிட்டேன்."

மருதக்கா சீட்டைப் பார்த்தார், சுபினைப் பார்த்தார். சால்வையை எடுத்து மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு இறங்கினார். மார்க்கெட் வரைக்கும் நானும் கூடவே நடந்தேன். சேரிங் கிராஸ் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. மார்க்கெட் வாசலில் அவர் நின்றார்.

"அத்தன வருசம் அவ என் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தானே வந்தா. ஒரு நாளாச்சும் அவளுக்கு ஒரு துணியப் போட்டு வைப்போம்னு எனக்குத் தோணலையே. பாத்தியா, இதுலயும் அவ முந்திக்கிட்டா."

குரலில் அழுகை இருக்கிறதா என்று பார்த்தேன். அழுகை இல்லை, எரிச்சல்தான். உள்ளே அவருடைய சாக்கு காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து கேரட்டை அள்ளிக் கொட்டினார்.

அன்று மாலை பஸ் பாலத்தடியில் நின்றபோது மருதக்கா வாசலுக்கு வந்தார். துவைத்து அடுப்படியில் உலர்த்திய அந்தச் சால்வையை ஜன்னல் வழியாக ஆறுக்குட்டியிடம் நீட்டினார்.

"அவகிட்டக் குடுத்துருங்க. நாளைக்கும் போடச் சொல்லுங்க. நடுவுல போட்டிருக்கா, ஜன்னல் ஓரமாப் போடணும்னு சொல்லுங்க. துணி போடக்கூடத் தெரியல."

"சொல்லிர்றேனுங்க."

"அங்க வெந்நீரு எப்படி?"

ஆறுக்குட்டி பொய் சொல்லத் தெரியாதவர். "பட்டனத் தட்டினா உடனே கொதிக்குதுங்க அக்கா."

மருதக்காவின் முகம் விழுந்துவிட்டது. பஸ் நகரும்போது இரண்டடி கூடவே நடந்து கேட்டார்.

"கரண்டு போனா?"

"கரண்ட் போச்சுன்னா இங்கதானுங்க வரோணும்."

எங்கள் ஊரில் மழை தூறினாலே கரண்ட் போய்விடும். இப்போதெல்லாம் அவலாஞ்சிப் பக்கம் வானம் கறுக்கும்போதே மருதக்கா அடுப்பில் அந்தப் பெரிய பானையை ஏற்றிவிடுகிறார்.